முதலாளிகளே ஊருக்குத்தானே வருகிறார்கள்!

நடுவர் அவர்களே, மதுரைப் பெருமக்களே, வணக்கம். ஓர் ஊரின் உணவை அறிய அந்த ஊருக்கே போக வேண்டுமா, இருந்த இடத்துக்கு வரவழைத்தால் போதுமா என்பது தலைப்பு. போகத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். கைபேசியைத் தட்டினால் வாசலுக்கே வருகிற சாப்பாட்டுக்கு எதற்குப் பஸ்ஸில் இடிபட வேண்டும் என்று கேட்டார். கூரியரில் வந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாயைச் சான்றாகவும் காட்டினார். (காட்டியதோடு சரி, எங்களுக்கு ஒன்றும் தரவில்லை.)

மறுக்கவில்லை ஐயா. அந்தக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-லேயே கிடைத்துவிட்டது. இரண்டும் சில நாள் வைத்திருந்தாலும் கெடாதவை, தாராளமாக அனுப்பலாம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை அனுப்பிப் பாருங்கள்! எண்ணெயில் பொரிந்து மொறுமொறுவென்று வருவதுதான் அதன் பெருமை. சுடச்சுடக் கட்டினால் அதன் ஆவியே அதை நமுத்துப்போகச் செய்துவிடும். இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறத் தொடங்கிய பிறகு, மொறுமொறுப்பு போவதற்கு முன்பு சாப்பிட்டாக வேண்டும். அந்த நேரத்தை எந்தக் கூரியர் கொண்டுவரும்?

செய்முறைதான் வீடியோவில் இருக்கிறதே என்றார் எதிரணிச் சகோதரி. நம் ஊர் முள்ளுமுருங்கை வடையையே எடுத்துக்கொள்வோம். அந்த இலையை அரிசியோடு அரைத்து, தட்டி, பொரித்து, மேலே பொடி தூவித் தருகிறார்கள். இதை வீடியோ சொல்லிவிடும். சௌராஷ்டிர மக்கள் வாழும் தெருவில், மாலை நேரத்தில், எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நின்று பாருங்கள் அம்மா. பக்கத்தில் நிற்கிற பாட்டி பலகாரம் வாங்க வந்தவர் மட்டுமல்ல, சளி பிடித்த பேரனுக்கு மருந்து வாங்க வந்தவர் என்பது அங்கேதான் தெரியும். மதுரையிலேயே இருந்தும் அந்தத் தெருவுக்குப் போகாதவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், சங்கடமாகிவிடும்.

இனி, எங்கள் அணியின் பெரிய சாட்சி. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி. முனியாண்டி விலாஸ் பெயர்ப் பலகையைப் பார்க்காதவர் நம்மில் உண்டா? அந்த முனியாண்டி சாமி குடியிருப்பது இந்தக் கிராமத்தில்தான். 1937-இல் காரைக்குடியில் முதல் கடையைத் திறந்தவர் இவ்வூர்க்காரர் என்பார்கள். பிறகு ஊர் ஊராகக் கடைகள் முளைத்தன. வடக்கம்பட்டிக்குப் பஸ் ஏறாமலே எத்தனையோ ஊர்க்காரர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். எதிரணி கொண்டாட வேண்டிய கதைதான் இது.

ஆனால் அந்தக் கடை முதலாளிகள் என்ன செய்கிறார்கள்? விற்பனையில் ஒரு பங்கைச் சாமிக்கென்று எடுத்து வைக்கிறார்கள். திருவிழா வந்ததும் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார்கள். கிடாய் வெட்டி, இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து, விடியற்காலையில் வந்தவர்க்கெல்லாம் காசு வாங்காமல் போடுகிறார்கள். பிரியாணி அவர்களுக்குக் கிடைக்காத பண்டமா? கல்லாவை விட்டு எழுந்து நாலு எட்டு வைத்தால் சொந்தச் சமையற்கட்டு! பிரியாணியை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களே, பிரியாணி சாப்பிட வடக்கம்பட்டிக்குப் போகிறார்கள் நடுவர் அவர்களே. தினமும் விலைக்கு விற்கிற கை அன்று சும்மா அள்ளிக் கொடுக்கிறதே, அதை எந்தச் செயலியில் தேடுவது?

எதிரணித் தலைவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். அங்கேயும் தூக்குவாளியில் பார்சல் வாங்கிப் போகிறார்களே என்று கேட்பார். வாங்குகிறார்கள் ஐயா. தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனவர்கள் வாங்குகிறார்கள்!

நன்றி, வணக்கம்.