வலையா, இலையா? ‘இலையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, தண்டையார்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். ‘கடல்மீன் வளம் குறையக் காரணம் வீசும் வலையா, உண்ணும் இலையா?’ என்ற தலைப்பில், இலையே, அதாவது நாம் தேடி உண்ணும் ருசியே, என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், 40 மில்லிமீட்டருக்கும் குறுகிய கண்ணுடைய இழுவலை மடிகளையும், தமிழகத்தில் 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட, மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையையும் சுட்டிக்காட்டினார். நான் மறுக்கவில்லை. உலகில் ஆய்வு செய்யப்பட்ட கடல்மீன் கூட்டங்களில் 37.7 விழுக்காடு அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன என்றும், 1974இல் இது 10 விழுக்காடாகவே இருந்தது என்றும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2024 அறிக்கை கூறுகிறது. வலையின்மேல் குற்றமே இல்லை என்று சாதிக்க நான் வலை வியாபாரி அல்லன். ஆனால் நண்பர் போகிற போக்கில், “வஞ்சிரம் வாங்க வக்கில்லாதவர்கள்தாம் மத்தியின் பெருமை பேசுவார்கள்” என்றார், நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குக் கணக்குத் தீர்க்காமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரில் வந்து இறங்கிய கனவான் ஒருவர், “இன்று பிடித்த வஞ்சிரம் வேண்டும்” என்றார். மீன்கார அம்மா, விடியற்காலையில் தடையில்லாத சிறு ஃபைபர் படகில் வந்த, மத்தி இனத்துக் கவலை மீனைக் கூறு கட்டி வைத்திருந்தார்; செவுள் சிவப்பு மாறவில்லை. கனவானோ, மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்த வஞ்சிரத்தை ஐஸ் பெட்டிக்குள் கண்டுபிடித்து, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கவலை மீனைக் காட்டி, “இதெல்லாம் பூனை தின்கிற மீன்” என்றார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “பூனைக்கு மூக்கு இருக்குது நைனா, அது ஐஸ் பெட்டிப் பக்கமே போவாது!”

இன்னொரு முறை சொல்லட்டுமா? மூக்கு பூனைக்கு இருக்கிறது. கனவானுக்குப் பணப்பைதான் இருக்கிறது. அவர் இன்று எதிரணி வரிசையில் அமர்ந்திருக்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை போலும்.

வக்கைப் பற்றிப் பேசிய நண்பரே, மத்தி ஓராண்டுக்குள்ளேயே முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். வஞ்சிரமோ சுமார் 70 சென்டிமீட்டர் வளர வேண்டும். விரைவில் பெருகுவதை ஒதுக்கிவிட்டு, மெதுவாகப் பெருகுவதையே எல்லா வீட்டு விருந்துக்கும் கேட்டால், அதற்கு விலை ஏறும். விலை ஏறினால் படகு இன்னும் தூரம் போகும். நாம் தீண்டாத பொடிமீனைக் காயவைத்து, அரைத்து, கோழிக்குத் தீவனமாக்கி, அந்தக் கோழியைப் பிரியாணியில் தேடுகிறோமே, அந்தச் சுற்றுவழியை வகுத்தது வலையா, நம் நாக்கா?

நடுவர் அவர்களே, எதிரணி ‘வலை’ என்று நாகரிகமாகச் சொல்கிறது; உண்மையில் கூண்டில் ஏற்றப் பார்ப்பது வலை பிடித்த கையை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தபோது, படகும் வலையும் கறுத்துப்போன நிலையிலும், அதை அள்ளி அகற்ற அந்தத் தண்ணீரில் இறங்கியவர்கள் எண்ணூர்க் குப்பத்து மீனவர்கள். கையாலும் குவளையாலும் அள்ளினார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறையோடு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தார்கள். அந்த வாரம் நாம், “மீனில் எண்ணெய் வாடை வருமோ” என்று முகம் சுளித்துக் கோழிக்கடையில் வரிசையில் நின்றோம். விற்காத கூடையோடு திரும்பிய தாய்மார்கள் சிலர் இந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் முகத்தைப் பார்த்து, “கடலை அழித்தது உன் வீட்டுக்காரன்தான்” என்று சொல்லும் துணிச்சல் எதிரணிக்கு இருந்தால் மேடைக்கு வந்து சொல்லட்டும். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.