உடல் ஓர் அமானிதம்

நேயர்களுக்கு வணக்கம். முஸ்லிம் நோயாளிகளைச் செவிலியர் எப்படிப் பராமரிப்பது என்று இன்று பேசுவோம்.

மனிதர், சூழல், உடல்நலம், செவிலியம். செவிலியக் கோட்பாட்டின் தூண்களாக ஜாக்குலின் ஃபாசெட் 1980களில் வகுத்த நான்கு கருத்துகள் இவை. சூழலை, நவீன செவிலியத்தின் முன்னோடி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே காற்று, வெளிச்சம், தூய்மை என்று விளக்கிவிட்டார். கடினமானது 'மனிதர்'. படுக்கையில் இருப்பவர் தம் உடலுக்கு உரிமையாளரா, காப்பாளரா? அவர் சிகிச்சையை மறுக்கும்போது நாம் என்ன பேசுவோம் என்பது இதைப் பொறுத்தது.

காப்பாளர் என்கிறது இஸ்லாம். உடல் இறைவன் ஒப்படைத்த அமானிதம், அதாவது பத்திரமாகக் காக்க வேண்டிய அடைக்கலப் பொருள். இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத் எவற்றைக் காக்க வந்தது என்பதற்கு அறிஞர் இமாம் கஸ்ஸாலி எண்ணிச் சொன்ன ஐந்து, மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, உடைமை. நபிகள் காலத்து அகழ்ப்போரில் காயம்பட்ட நபித்தோழர் ஸஅத் இப்னு முஆதை, ருஃபைதா என்ற பெண்மணி பராமரித்த கூடாரம் பள்ளிவாசலிலேயே இருந்தது. வணக்கமும் பராமரிப்பும் ஒரே முற்றத்தில் நடந்தன.

வார்டில் இது எப்படித் தெரியும்? அறுவை முடிந்தவர் உளூ செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவ, எழுந்து விழுந்துவிடுவார். அல்லது கட்டை அவிழ்த்துக் கழுவுவார், காயம் ஈரமாகிச் சீழ் பிடிக்கும். இரண்டுமே தேவையில்லை. கட்டின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும். தண்ணீரே தீங்கு என்றால் தயம்மும் இருக்கிறது: தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவுவது. நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்பது நபிமொழி. காலில் எடை கட்டி இழுத்து வைத்திருப்பவரின் கட்டிலைக் கிப்லாவுக்கு, அதாவது தொழும் திசைக்கு, திருப்ப முயலாதீர்கள். இயலாதவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதையெல்லாம் அறுவைக்கு முன்பே பேசிவிட வேண்டும். வலியோடு கிடப்பவரிடம் விளக்கினால் மனதில் பதியாது.

நோன்பில்தான் ஆபத்து அதிகம். நோயாளிக்கு நோன்பை விட்டுவிடச் சலுகை உண்டு என்று குர்ஆனே சொல்கிறது (2:185). ஆனாலும் பலர் நோற்பார்கள். "உங்களுக்கு எதற்கு நோன்பு?" என்று கடிந்தால் அடுத்த முறை மறைப்பார்கள், இன்சுலின் அளவைத் தாமாகவே மாற்றுவார்கள், அல்லது அடியோடு நிறுத்துவார்கள். ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது. இன்சுலின் ஊசியும் முறிக்காது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ, மாலைவரை காத்திருக்காமல் உடனே நோன்பைத் திறக்க வேண்டும். அமானிதத்தைக் காப்பது கடமை என்று நம்புகிறவருக்கு, அவர் நம்பிக்கையே இதற்குக் காரணம் சொல்லும்.

எனினும் 'முஸ்லிம் நோயாளி' என்று ஓர் அச்சுப் பட்டியல் வைத்து வேலை செய்வதை நான் ஏற்க மாட்டேன். தயம்முமுக்கு மண்ணில் தூசி இருந்தாக வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபு, அதாவது சட்டப் பள்ளி; சுத்தமான கல்லும் போதும் என்பது ஹனஃபி. தீவிர சிகிச்சைப் பிரிவில் தூசி தொற்றுக்கு வழி. ஆகவே அவர் எந்த மத்ஹபு, எந்தச் சலுகையை ஏற்கிறார், உடலைத் துடைக்க எந்தப் பாலினப் பணியாளர் வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு, சேர்க்கையன்றே பராமரிப்புத் திட்டத்தில் எழுதுங்கள். நினைவு தப்பியவர் என்றால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். துடைக்கும்போது அந்தந்தப் பகுதியை மட்டும் திறந்து, துடைத்ததும் மூடிவிடுங்கள்.