லீவுக்குப் பிள்ளையை எந்த கேம்பில் சேர்ப்பது?

வணக்கம் நண்பர்களே. முழுப் பரீட்சை முடியப் போகிறது. எல்லோர் வாட்ஸ்அப்பிலும் சம்மர் கேம்ப் விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அபாகஸ், ரோபோட்டிக்ஸ், கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி என்று எல்லாம் ஒரே ஏசி ஹாலில். "இதில் எதில் சேர்க்கலாம், சொல்லுங்களேன்" என்று நிறையப் பெற்றோர் கேட்டிருந்தீர்கள். என் பதில் அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளையை வெளியே அனுப்புங்கள். போகிற இடத்தில் அந்தப் பிள்ளைக்கு நிஜமான வேலை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அவன் செய்யாவிட்டால் கெட்டுப்போகும் என்கிற மாதிரியான வேலை.

நான் இப்போது நிற்பது பெசன்ட் நகர் கடற்கரை. எனக்குப் பின்னால் ஒரு அடைப்பு தெரிகிறதா? ஆமை முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கிற இடம் அது, ஹேச்சரி என்பார்கள். 1988-லிருந்து இந்த வேலையை எடுத்துச் செய்து வருவது மாணவர்கள். எஸ்.எஸ்.டி.சி.என், அதாவது ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்பது அவர்களுடைய அமைப்பு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஊர் தூங்குகிற நேரத்தில், நீலாங்கரையிலிருந்து இங்கே வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை என்கிற கடல் ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறி முட்டையிடுகிற காலம் இது.

டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தைப் பார்த்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். அதனால் எல்லோரும் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டு நடக்கிறார்கள். முதல் கொஞ்ச நேரம் பேச்சும் சிரிப்புமாக இருக்கும், அப்புறம் தானாக அடங்கிவிடும். ஈர மணலிலிருந்து மேலே ஏறிப்போகும் தடம் கிடைத்துவிட்டால் நடையே மாறிவிடும். டிராக்டர் டயர் பதிந்த மாதிரி இருக்கும் அந்தத் தடம். ஏறின தடம் ஒன்று, இறங்கின தடம் ஒன்று, நடுவில் எங்கோ குழி இருக்க வேண்டும். ஆமை அதை மூடி, மேலே மணலை வாரிக் கலைத்துவிட்டுப் போயிருக்கும். கம்பியை மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் போகாத கம்பி, குழி இருக்கும் இடத்தில் சட்டென்று உள்ளே இறங்கும்.

அதற்கு மேல் கைதான். ஒரு கல்லூரிப் பெண் குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்ததைப் பார்த்தேன். குழி ஒன்றரை அடி ஆழம் இருக்கும். நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். அவர் கொடுக்கக் கொடுக்க அந்தப் பையன் எண்ணிப் பையில் வைக்க வேண்டும், உருட்டவோ குலுக்கவோ கூடாது. நேரம் ஆக ஆகக் கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முட்டையைப் புரட்டினால் குஞ்சு செத்துவிடும். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, ஹேச்சரியில் அதே அளவில் இன்னொரு குழி தோண்டி இறக்குகிறார்கள். தாய் தோண்டிய குழி குடம் மாதிரி, கழுத்து குறுகி அடி அகன்று இருக்கும், இதுவும் அப்படியே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அளவெடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளும் அதே வயதுப் பையன், அங்கே டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்க்கிறான். மார்க் போட அங்கே யாரும் இல்லை.

கிட்டத்தட்ட 45 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளியே வரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண். பாடப்புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. மணலில் கையை வைத்துக்கொண்டு கேட்டால், "அப்போ வெயில் இப்படியே ஏறிக்கொண்டு போனால் என்ன ஆகும்?" என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். ஏன் முட்டையை இடம் மாற்ற வேண்டும் என்பதும் அங்கே நின்றால்தான் புரியும். குஞ்சுகள் வெளிச்சம் அதிகமாகத் தெரியும் பக்கம் போகும். முன்பெல்லாம் அது கடல். இப்போது தெரு விளக்கு.

செத்துப்போன ஆமையையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட வேண்டும். படகுகள் இழுத்துப் போகும் இழுவை மடி வலையில் மாட்டினால் வர முடியாது. இதைப் பிள்ளைக்குக் காட்டலாமா என்று தயங்குகிறீர்கள் என்றால், காட்டலாம் என்றுதான் சொல்வேன். நடந்தவர்கள் அதையும் அளந்து குறித்து வைக்கிறார்கள். வருத்தப்படுகிற பிள்ளைக்குச் செய்ய ஒரு காரியம் கிடைக்கிறது.

பிள்ளைக்கு நிஜமான வேலை கொடுக்கும் இந்த யோசனை புதிதில்லை. 1941-ல், போருக்கு நடுவில், வேல்ஸில் அபர்டோவி என்ற கடலோர ஊரில் 'அவுட்வர்டு பவுண்ட்' என்ற வெளிப்புறப் பயிற்சி அமைப்பின் முதல் பள்ளியைத் தொடங்கினார்கள். தொடங்கியவர் குர்ட் ஹான், நாஜிகளை எதிர்த்து ஜெர்மனியை விட்டு வெளியேறிய கல்வியாளர். பணம் போட்டவர் லாரன்ஸ் ஹோல்ட், கப்பல் கம்பெனிக்காரர். கப்பல் மூழ்கிய பிறகு உயிர்காக்கும் படகில் இளம் மாலுமிகள் வயதானவர்களுக்கு முன்பே தளர்ந்து போகிறார்கள் என்பது அவருடைய கவலை. பையன்களுக்குப் படகு ஓட்டுவது, மலை ஏறுவது, ஆட்களை மீட்பது என்று சுமார் ஒரு மாதம் பயிற்சி. அங்கேயும் பாருங்கள், மீட்புப் பயிற்சி விளையாட்டுக்கு இல்லை.

கேம்பில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். 2014-ல் கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர், 5 நாள், திரை எதுவும் இல்லாத வெளிப்புற முகாம். முகாமுக்குப் போகாமல் வழக்கம்போல இருந்த பிள்ளைகளை விட, இவர்கள் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனால் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் கேம்ப் என்றால் அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, போட்டி. நாள் முழுக்க டீம் பிரித்துப் பரிசு கொடுக்கிற கேம்ப் எனக்குப் பிடிக்காது. 1954-ல் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில், முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை இரண்டு குழுவாக்கி முகாம் நடத்தினார். கயிறு இழுப்பது, பேஸ்பால் என்று போட்டி வைத்ததும் ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டியின் கொடியைக் கொளுத்துகிற அளவுக்குப் போனது. அப்புறம் தண்ணீர் வரத்தில் கோளாறு, சாப்பாட்டு லாரி கிளம்பவில்லை என்று இரண்டு கோஷ்டிக்கும் பொதுவான தொல்லைகளைக் கொடுத்தார்கள். போட்டியில் இழுத்த அதே கயிற்றைக் கட்டி எல்லோரும் சேர்ந்து லாரியை இழுத்தார்கள், பகை தணிய ஆரம்பித்தது. சோதனை என்று பையன்களிடம் சொல்லவே இல்லை, அது எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் கேம்ப் நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சரி, பணம் கட்டும் முன்பு பாதுகாப்பைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்ததை மறக்க முடியாது. காடு காய்ந்து கிடக்கும் மாதம் அது. மலைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றால் வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய, தமிழக அரசின் மலையேற்றத் திட்டமான ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, உள்ளூர் மக்களே வழிகாட்டிகள், தீ அபாயக் காலத்தில் மூடிவிடுகிறார்கள். ஆற்றிலோ கடலிலோ இறக்குகிறார்கள் என்றால் நீச்சல் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர், ராத்திரி பெண் பிள்ளைகளோடு யார் தங்குகிறார்கள், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் கேளுங்கள். முகம் சுளிக்கிற இடத்தில் சேர்க்க வேண்டாம்.

ஆமை நடைக்கு வர நினைப்பவர்களுக்கு: இந்த சீசன் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. விடியற்காலை வரை நடக்க முடிகிற பிள்ளையாக இருக்க வேண்டும், அடர்ந்த நிறத்தில் உடை, கையில் தண்ணீர் பாட்டில். அவ்வளவு நடக்க முடியாத சின்னப் பிள்ளைகளைச் சாயங்காலம் குஞ்சு விடுகிற நேரத்துக்குக் கூட்டி வாருங்கள். கயிறு கட்டியிருப்பார்கள், அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.