தங்கம் வைக்காத ஜரிகை

அவையோருக்கு வணக்கம். பாறசாலையில் ஓவியர் ராஜா ரவிவர்மாவைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்றதும் கொஞ்சம் தயங்கினேன். நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. பிள்ளைகளுக்குக் குடமும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். அதனால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஜரிகையைப் பற்றி.

இங்கே ரயிலேறினால் திருவனந்தபுரம் பக்கம்தான். மியூசிய வளாகத்து ஓவியங்களில் 1899-இல் வரைந்த ‘ஹம்ச தமயந்தி’ இருக்கிறது. தமயந்தியின் சேலைக் கரையைப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அசல் ஜரிகை. அப்புறம் கிட்டே போங்கள். காவலாளி அதட்டும்வரை போங்கள். ஜரிகையைக் காணோம்! மஞ்சளும் பழுப்பும், வெளிச்சம் படும் இடத்தில் வெளிறிய ஒரு தீற்றலும்தான் இருக்கும்.

இது ஏன் பெரிய விஷயம்? அவருக்கு முன்னால் நம் பக்கத்து அரண்மனைகளில் மதிப்புப் பெற்றிருந்தது தஞ்சாவூர்ப் படம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையை மேடாக வைத்து, அதன்மேல் தங்க ரேக்கைப் பதிப்பார்கள். சாமிக்கு நகை வேண்டுமா, தங்கத்தையே வை. அதிலும் ஒரு நேர்மை உண்டு, குறை சொல்லவில்லை. ரவிவர்மா எதிர்ப்பக்கம் போனார். தங்கத்தைத் தங்கமாகக் காட்டுவது அதன்மேல் வெளிச்சம் விழுகிற விதம். அதைப் பிடித்துவிட்டால் குன்றிமணித் தங்கம்கூடத் தேவையில்லை. அவருடைய கலைக்கொள்கை என்று நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

இதைக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாடு சுவாரஸ்யமானது. 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். 14 வயதில் மாமா ராஜராஜவர்மா அவரை திருவிதாங்கூர் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் அழைத்து வந்தார். வாட்டர்கலர் கைவந்தது. ஆயில் பெயிண்டிங்கோ பூட்டிய அறை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு சொல்லித்தர மறுத்துவிட்டார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து காட்டிக்கொடுத்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரர் மகாராஜாவின் படம் வரைய வந்தார். அவரும் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே படித்தார் நம் ஆள். உலகத்துக்கு ரவிவர்மாவைத் தெரியும். ஆறுமுகம் பிள்ளை பெயரை ஒரு மேடையிலாவது உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. சொல்லியாயிற்று.

சரி, அந்த எண்ணெயில் அப்படி என்ன இருக்கிறது? வாட்டர்கலர் சட்டென்று காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காற்றை வாங்கி வாங்கி மெல்ல இறுகும். நம் ஊர் மழைக்காலத்தில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அந்த அவகாசத்தில்தான் கன்னத்தின் வெளிச்சத்தைக் கழுத்தின் நிழலோடு கோடு தெரியாமல் இழைக்க முடிகிறது. பொறுக்காதவனை அது தண்டித்தும் விடும். சின்ன வயதில் என் அத்தையை வரைந்தேன். எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு காயும் முன்னே டர்பன்டைன் விட்டு நீர்த்த வண்ணத்தை மேலே பூசிவிட்டேன். அடுத்த வருஷம் நெற்றியெல்லாம் வற்றிய குளம்போல வெடிப்பு. அத்தை பார்த்துவிட்டு, “வயச சரியாத்தான் போட்டிருக்க மக்கா” என்றாள்.

1873-இல் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம் சென்னையிலும் வியன்னாவிலும் பரிசு வாங்கியது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் போயின. இப்படித் தனியாக நிற்கும் பெண்களை வரையும்போது அவரை மிஞ்ச ஆளில்லை. கூட்டம் நிறைந்த புராணக் காட்சிகளில் சில எனக்கு நாடக மேடைபோலத்தான் படுகின்றன. திரை விழக் காத்திருப்பதுபோல நிற்கிறார்கள். பின்னால் வந்த விமர்சகர்கள் சொன்ன குறையில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வரைந்த லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் உடம்பின் கனம் இருக்கிறது. நின்றால் கால் வலிக்கும் என்று தோன்றுகிறது.

1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். கல்லில் வரைந்து, வண்ணத்துக்கு ஒரு கல்லாக அச்சடிக்கும் முறை. பிளேக் வந்தது, கடன் ஏறியது, 1901-இல் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். ஆனால் படங்கள் நம் பூஜையறைகளுக்குள் வந்துவிட்டன.

என் பாட்டி வீட்டிலும் ஒரு லட்சுமி இருந்தாள். தாமரை, யானை, சிவப்புச் சேலை. அந்தச் சேலையின் கரைமேல் பாட்டி அசல் ஜரிகை நூலை வெட்டி ஒட்டியிருந்தாள், மார்பில் ஜிகினா, மூக்கில் கண்ணாடிக் கல். செட்டிநாட்டு வீடுகளிலும் இப்படி ஜோடித்த படங்கள் உண்டு. தங்கம் இல்லாமல் தங்கம் காட்டுவதற்கு அந்த மனுஷர் ஒரு ஆயுளைச் செலவழித்திருக்கிறார். பாட்டி ஒரு மத்தியான நேரத்தில், வடித்த கஞ்சியைப் பசையாக்கி, லட்சுமியைத் தஞ்சாவூருக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.