பேரி சாண்டர்ஸா, எம்மிட் ஸ்மித்தா? எல்லோரும் சொல்லும் பதிலை நான் ஏற்கவில்லை!

வணக்கம் நண்பர்களே! 90-களின் சிறந்த ரன்னிங் பேக் யார் என்று அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேரி சாண்டர்ஸ் பெயர்தான் முதலில் வரும். கூடவே, "எம்மிட்டுக்கு முன்னால் நின்ற லைன் அப்படி, அதன் பின்னால் யார் ஓடினாலும் யார்டு கிடைக்கும்" என்பார்கள். இன்று அந்தப் பேச்சைத்தான் உடைக்கப் போகிறோம்.

புதியவர்களுக்கு ஒரு வரி: குவார்ட்டர்பேக் தரும் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக், அவருக்கு வழி திறந்துவிடுவது லைன்.

சரி, பேரி. 1989 முதல் 1998 வரை டெட்ராய்ட் லயன்ஸ் அணி, 15,269 யார்டு. ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 5 யார்டு! 1997-ல் முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்த்தே 53 யார்டுதான். அடுத்த 14 ஆட்டங்களிலும் நூறைத் தாண்டினார். ஐந்தடி எட்டு அங்குல ஆள், பிடிக்க வந்தவர் கை நீட்டுவதற்குள் நின்று, திரும்பி, வேறு திசையில் போயிருப்பார். ஆனால் இப்படிப் பின்னால் சுற்றி ஓடுவதில் ஆபத்தும் உண்டு. 1994 சீசன் பிளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் சுற்று) கிரீன் பே அணி அவரை 13 ஓட்டங்களில் மைனஸ் 1 யார்டில் நிறுத்தியது.

இப்போது எம்மிட், டல்லஸ் கவ்பாய்ஸ். 1993-ல் சம்பளப் பேச்சு முடியாததால் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு அவர் வரவில்லை. அதே லைன், அதே குவார்ட்டர்பேக் டிராய் எய்க்மேன், முந்தைய சீசனின் சாம்பியன் அணி. இரண்டிலும் தோல்வி! எம்மிட் திரும்பினார், அணி அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையே வென்றது. யார் ஓடினாலும் யார்டு கிடைக்கும் என்றால், அந்த இரண்டு ஆட்டங்களில் என்ன ஆயிற்று?

(திரையில்: 1994 ஜனவரி 2, ஜயன்ட்ஸ் ஸ்டேடியம்)

இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிளேஆஃபுக்கு முந்தைய கடைசி ஆட்டம், எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ், ஜெயித்தால் டிவிஷன் (லீக்கில் அந்த அணிகள் இருக்கும் பிரிவு) பட்டம். முதல் பாதியிலேயே, ஒரே ஓட்டத்தில் 46 யார்டு ஓடிய எம்மிட்டுக்கு, செயற்கைப் புல் தரையில் விழுந்ததில் வலது தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. வெளியே போய் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தோளில் கூடுதல் பேட் வைத்துக்கொண்டு மறுபடி வந்தார். வலது கையைச் சரியாகத் தூக்க முடியாத நிலையில், பந்தை இடது பக்கம் அணைத்தபடி ஓடினார். ஒவ்வொரு முறை விழும்போதும் அதே தோளில் இடி. மொத்தம் 32 ஓட்டங்களில் 168 யார்டு, அப்புறம் 10 கேட்ச்களில் 61. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், டல்லஸின் எடி மர்ரே கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்டு கோலில் 16-13 என்று டல்லஸ் வென்றது. எம்மிட் அன்றிரவு மருத்துவமனையில். இதை எந்த லைனும் யாருக்கும் செய்து கொடுக்க முடியாது.

பேரி ரசிகர்களே, உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர் காலத்தில் டெட்ராய்ட் வென்ற ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில், 38-6 என்று தோற்றது எம்மிட்டின் டல்லஸ்தான்! 1999-ல், அதுவரை மொத்த ஓட்ட யார்டில் முதலிடத்தில் இருந்த வால்டர் பேட்டனின் சாதனைக்கு 1,457 யார்டு பாக்கியிருக்கும்போதே பேரி ஓய்வு பெற்றார். 2002-ல் அதைத் தாண்டிய எம்மிட், கடைசியில் 18,355 யார்டில் நின்றார். இன்னும் அதை யாரும் தொடவில்லை.

என் ஓட்டு எம்மிட்டுக்கு. பேரிதான் என்பவர்கள், அந்த ஜயன்ட்ஸ் ஆட்டத்துக்கு ஈடாக அவருடைய எந்த ஆட்டத்தை வைப்பீர்கள்? கமெண்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.