மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு: உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வர வேண்டும்?

வணக்கம் உறவுகளே. திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். உடலாலோ உளத்தாலோ இயலாமையுடன் வாழும் ஒருவருக்கு அரசாங்கம் மாதந்தோறும் எவ்வளவு பணம் கொடுக்கிறது, அந்தத் தொகை எப்படி முடிவாகிறது, ஒரு குடும்பத்தின் கைக்கு மொத்தமாக எவ்வளவு வரலாம் என்பதை இந்தக் காணொளியில் ஒழுங்காக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்படுகிறது. கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே பணம் பெறுகிறவர்கள். பணம் வருகிறது, ஆனால் அது எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அது தெரியாத வரையில், குறைவாக வந்தால் யாரிடம் போய் என்னவென்று கேட்பது?

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். வருமானம் குறைந்த குடும்பத்தைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஒருவருக்கான மாதக் கொடுப்பனவு, 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தின்படி அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து 10,000 ரூபாய். அதற்கு முன்னர் அது 7,500 ரூபாயாகவும், அதற்கும் முன்னர் 5,000 ரூபாயாகவும் இருந்தது. 2019ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆக உயர்த்தப்படும் வரையில் 3,000 ரூபாயே கொடுக்கப்பட்டது.

இந்த 10,000 ரூபாய் எல்லோருக்கும் ஒரே அளவானது என்பதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு கண்ணில் பார்வை இழந்தவருக்கு இவ்வளவு, இரண்டு கால்களையும் இழந்தவருக்கு அவ்வளவு என்று இயலாமையின் கடுமையை அளந்து தொகையைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இந்தக் கொடுப்பனவில் இல்லை. முன்பு உழைத்த சம்பளத்தைப் பார்த்தும் இது கணக்கிடப்படுவதில்லை. வைத்திய அறிக்கையில் நோயைப் பெரிதாகக் காட்டினால் பணம் கூடும் என்று சொல்லிக் காசு கேட்கும் தரகர்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை நம்ப வேண்டாம். வைத்தியச் சான்றிதழ் நீங்கள் தகுதியுடையவரா என்பதைத் தீர்மானிக்கவே உதவும். தொகையை அது மாற்றாது.

இனி, பெரும்பாலானோர் குழம்பும் இடத்துக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளி கொடுப்பனவு வேறு, அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு வேறு. முன்னையது ஒரு நபருக்குரியது, பின்னையது ஒரு குடும்பத்துக்குரியது. சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கப்பட்ட அஸ்வெசும திட்டம், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. தொடக்கத்தில் அந்தப் படிகளுக்கு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று கொடுக்கப்பட்டது. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்குரிய 8,500 ரூபாய் 10,000 ஆகவும், மிக வறிய குடும்பத்துக்குரிய 15,000 ரூபாய் 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன.

பாருங்கள், குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. வறிய குடும்பத்துக்குரிய தொகையும் 10,000, மாற்றுத்திறனாளிக்குரிய தொகையும் 10,000. ஆகவே கணக்கில் 10,000 ரூபாய் விழுந்ததைக் கண்டதும், பிள்ளைக்குரிய பணம் வந்துவிட்டது என்று தாய் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் வந்தது குடும்பத்துக்குரிய அஸ்வெசும பணமாக இருக்கலாம். பிள்ளையின் பெயரில் விண்ணப்பமே போடப்படாமல் இருக்கலாம். ஒன்று கிடைத்தால் மற்றது கிடையாது என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்ட குடும்பங்களும் உண்டு. மாற்றுத்திறனாளிகள், முதியோர், சிறுநீரக நோயாளர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்குமான கொடுப்பனவுகள், அந்த நான்கு படிகளுக்கும் மேலதிகமானவை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூதூரில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூலிவேலைக்குப் போகும் தந்தை, தாய், மூளை முடக்குவாதமுள்ள பதினான்கு வயது மகன், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. அந்தக் குடும்பம் வறிய படியில் சேர்க்கப்பட்டிருந்தால் அஸ்வெசும 10,000 ரூபாய். மகனுக்கு மாற்றுத்திறனாளி கொடுப்பனவு 10,000. பாட்டிக்கு முதியோர் கொடுப்பனவு, அதே 2025 ஏப்ரலில் 3,000 இலிருந்து உயர்த்தப்பட்டதன்படி, 5,000. மொத்தம் 25,000 ரூபாய். அதே குடும்பம் மிக வறிய படியில் இருந்தால் 32,500. மகனுடைய விண்ணப்பம் மட்டும் போடப்படவில்லையானால் ஒவ்வொரு மாதமும் 10,000 ரூபாய் அந்த வீட்டுக்கு வராமலே போகிறது.

சிறுநீரக நோயாளர்களுக்கான கொடுப்பனவும் 7,500 இலிருந்து 10,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. பதவி ஸ்ரீபுர போன்ற, சிறுநீரக நோயின் பாதிப்பைக் கண்ட நம் மாவட்டத்துப் பகுதிகளில் உள்ளவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணம் போதுமானதா என்று கேட்டால், போதாது என்றே சொல்வேன். ஏன் போதாது என்பதை அரசாங்கத்தின் சொந்த எண்களை வைத்தே காட்ட முடியும். தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம் ஒருவர் தன் அடிப்படைத் தேவைகளைச் சமாளிக்க மாதம் எவ்வளவு வேண்டும் என்பதை உத்தியோகபூர்வ வறுமைக் கோடாக வெளியிடுகிறது. 2019ஆம் ஆண்டில் அது 6,966 ரூபாய். அன்று கொடுப்பனவாக இருந்த 5,000 ரூபாய், அந்தக் கோட்டில் ஏறத்தாழ 72 வீதம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறிய பின்னர், 2025இல் நாடளாவிய வறுமைக் கோடு 16,000 ரூபாயைத் தாண்டி நின்றது. இன்றைய 10,000 ரூபாய் அதில் ஏறத்தாழ 60 வீதம்தான். தொகை இரண்டு மடங்காகியும் அதன் வாங்கும் வலு குறைந்திருக்கிறது. 2019இல் இருந்த மதிப்பையாவது காப்பாற்ற வேண்டுமானால் 11,500 ரூபாய் அளவில் கொடுத்திருக்க வேண்டும். தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால், இது மூன்றில் ஒரு பங்கு.

அந்த வறுமைக் கோடும் எல்லோருக்கும் பொதுவான தேவைகளையே கணக்கில் எடுக்கிறது. சிறுநீர்க் குழாய், நாப்கின், மருந்து, சக்கர நாற்காலியோடு பேருந்தில் ஏற முடியாததால் பிடிக்க வேண்டிய ஆட்டோ ஆகியவை அதற்கு மேலான செலவுகள். வெருகலிலிருந்தோ கோமரங்கடவலையிலிருந்தோ ஒருவரைத் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கூட்டிவரும் குடும்பத்துக்கு, அந்த ஆட்டோக் கூலி மாதக் கொடுப்பனவில் எவ்வளவு பெரிய பகுதி என்பது நன்றாகத் தெரியும். ஆகவே கொடுப்பனவை விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் தானாகவே உயரும்படி செய்ய வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு வரவு செலவுத் திட்ட அறிவிப்புக்காகக் காத்திருப்பவர்கள், நாட்டிலேயே காத்திருக்க மிகக் குறைந்த வசதியுள்ளவர்கள்.

சம்பள வேலையில் இருந்தவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. இனி வேலை செய்யவே முடியாது என்று வைத்திய ரீதியாக உறுதிப்படுத்தப்பட்டால், ஊழியர் சேமலாப நிதியிலுள்ள பணத்தை ஓய்வு வயதுக்கு முன்னரே மீளப் பெறலாம். அது ஒரேயடியாகக் கிடைக்கும் பணம், மாத வருமானம் அன்று. அரச ஓய்வூதியர் இறந்த பின், சுயமாக உழைத்து வாழ முடியாத அவருடைய பிள்ளைக்கு அநாதைகள் ஓய்வூதியம் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. இதைப் பல குடும்பங்கள் கேட்டுப் பார்ப்பதே இல்லை. போரில் காயமடைந்தவர்களுக்கு, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் கொடுக்கும் தொகையும் மாதாந்தக் கொடுப்பனவு அன்று. இவற்றை ஒன்றோடொன்று கலந்து கணக்கிடாதீர்கள்.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் உங்கள் பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், அரச வைத்தியரின் சான்றிதழ், தேசிய அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அஸ்வெசும தொடர்பான சந்தேகங்களுக்கு 1924 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பணம் வரத் தொடங்கியதும், ஒவ்வொரு வரவுக்கும் நேரே அது யாருக்குரியது, எந்தக் கொடுப்பனவு என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பணம் விழும் நாளும் கணக்கும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடலாம்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளி கொடுப்பனவு அந்த நபருடைய பணம். வீட்டுச் செலவு எல்லாம் ஒன்றாகத்தான் நடக்கும், அதை நான் அறிவேன். ஆனாலும், தன் பெயரில் எவ்வளவு வருகிறது என்பதை அவருக்குச் சொல்லுங்கள், எதற்குச் செலவழிப்பது என்பதில் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டும் ஒதுக்கீடு வரவில்லை, காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று பதில் கிடைத்தால், அந்தப் பதிலை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பட்டியலில் உங்கள் பெயர் எந்த இடத்தில் உள்ளது, இவ்வாண்டு உங்கள் பிரதேசத்துக்கு எத்தனை பேருக்கான ஒதுக்கீடு வந்துள்ளது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் தமிழில் எழுதி, பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகையை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.