பத்தாயத்து அறை

நேயர்களுக்கு வணக்கம். எழுதுகிறவனுக்கு இடம் எவ்வளவு முக்கியம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக் கதையைச் சொல்வதுதான் எனக்குச் சுலபம்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமம். பல வருஷம் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதினேன். நல்ல காற்று, வேப்பமர நிழல். ஆனால் திண்ணையில் இருக்கிறவன் சும்மா இருக்கிறவன் என்பது ஊர்க்கணக்கு. "என்னண்ணே, ஆத்துல தண்ணி வந்துட்டுதா?" என்று ஒருவர் சைக்கிளை நிறுத்துவார். ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பார்களா, கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும், குறுவைக்கு விதை விடலாமா, எல்லாம் பேசிவிட்டுப் போவார். குனிந்து பார்த்தால், எழுத வந்த வாக்கியமும் அவரோடு போயிருக்கும். அவர்மேல் குறையில்லை; திண்ணை கட்டியதே அதற்குத்தான்.

அப்புறம்தான் நெல் கொட்டி வைக்கிற மரப் பத்தாயம் இருந்த அறைக்குப் போனேன். இப்போதெல்லாம் அறுத்த நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது, பத்தாயம் காலி. "அங்க எலி இருக்கும், வேற எடமே கெடைக்கலியா?" என்றாள் மனைவி. எலி இருந்தது. ஒரு வாரத்தில் சமாதானமாகிவிட்டோம்.

சன்னல் இடப்பக்கம் வரும்படி மேஜையைப் போட்டேன். வலக்கையால் எழுதும்போது கையின் நிழல் தாளில் விழாது; கணினித் திரையும் மின்னாது. நாற்காலியில்தான் ஏமாந்தேன். முழங்கை மேஜை மட்டத்துக்கு வந்தது, பாதம் தரையில் படவில்லை. மூன்று மாதம் முதுகு வலித்த பிறகு காலுக்கடியில் ஒரு மணையைப் போட்டேன். சரியாயிற்று.

ஐப்பசி அடைமழையில் தாள் நமுத்துவிடும் என்பதால் நோட்டுகள் பத்தாயத்துக்குள். கைப்பேசி மட்டும் திண்ணையில். அதற்கேற்ற இடம் அதுதான்.

உ.வே.சா. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே ஏடுகளோடு மல்லாடினார். அவருடைய சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது. அவர் அறை பார்த்தா உட்கார்ந்தார் என்று கேட்பீர்கள். அவருக்கிருந்த வைராக்கியம் எனக்கில்லை. அதனால்தான் அறை வேண்டியிருக்கிறது.

திண்ணையில் தினமும் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, பரப்பி, விட்ட இடத்தைத் தேடுவதற்குள் அரைமணி போய்விடும். இங்கே இரவில் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, நோட்டின்மேல் பழைய அரைப்படியை வைத்துவிட்டு வருவேன். காலையில் அங்கிருந்தே தொடங்கலாம். இன்று பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்ததில் அது அப்படியே கிடக்கிறது. வணக்கம்.